ஆறாம் மாதத்தில் நாலு கிலோதான் ஏறியிருக்கிறது, குறைவா?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எனக்கு இப்போது 24 வாரம். உயரம் 158 செ.மீ. கர்ப்பத்துக்கு முன்னால் 52 கிலோ இருந்தேன். முதல் மூன்று மாதம் ஓயாத வாந்தி, 50-க்கு இறங்கிவிட்டேன். இப்போது 56. என் தோழிக்கு இதே மாதத்தில் 9 கிலோ ஏறியிருந்ததாம். வீட்டில் எல்லோரும் 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று தட்டை நிரப்புகிறார்கள். குழந்தை வளர்கிறதா என்று பயமாக இருக்கிறது."

முதலில் தோழியின் கணக்கை ஓரமாக வையுங்கள். எவ்வளவு ஏற வேண்டும் என்பது நீங்கள் எந்த எடையில் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. உங்களுக்கு அது கிட்டத்தட்ட 20.8, அதாவது நல்ல அளவு. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-இல் வெளியிட்ட, இன்றும் பல மருத்துவர்கள் பார்க்கிற வழிகாட்டலின்படி, 18.5 முதல் 24.9 வரை இருப்பவர்களுக்குப் பிரசவம் வரை மொத்தம் 11.5 முதல் 16 கிலோ. 18.5-க்குக் கீழே என்றால் 12.5 முதல் 18, 25-ஐத் தொட்டுவிட்டால் 7 முதல் 11.5, 30-ஐத் தாண்டினால் 5 முதல் 9 போதும். வயிற்றில் இரட்டை என்றால் இந்தக் கணக்கே வேறு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதல் மூன்று மாதத்தில் அரை கிலோவிலிருந்து 2 கிலோ வரை ஏறலாம், அதற்குப் பிறகு உங்கள் பிஎம்ஐ உள்ளவர்களுக்கு வாரம் 350 முதல் 500 கிராம். அந்தக் கணக்குப்படி 24-ஆம் வாரத்தில் நாலரை முதல் ஏழரை கிலோ வரை கூடியிருக்க வேண்டும், உங்களுக்கோ 4 தான் என்று பார்த்தால் கொஞ்சம் கம்மிதான். ஆனால் 50-இல் இருந்தவர் 56-க்கு வந்திருக்கிறீர்கள், வாந்தி நின்ற பிறகு சுமார் 11 வாரத்தில் 6 கிலோ, வாரத்துக்கு அரை கிலோவுக்கும் சற்று மேலே! இனி வாரம் அரை கிலோவாகவே போனாலும் 40-ஆம் வாரத்தில் 12 கிலோ கூடியிருக்கும், அது வரம்புக்குள்தான். மொத்த எண்ணைவிட இந்த வேகத்தைத்தான் நான் பார்ப்பேன். வாந்தியில் 2 கிலோ போனதும் பெரிய இழப்பில்லை. தொடக்க எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டியிருக்கும்.

ஏறுகிற எடையெல்லாம் கொழுப்பு என்றோ, எல்லாம் குழந்தை என்றோ நினைக்க வேண்டாம். கடைசியில் குழந்தை மூன்று, மூன்றரை கிலோ, நஞ்சுக்கொடி முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பனிக்குடநீரும் கர்ப்பப்பையும் தலா ஏறக்குறைய ஒரு கிலோ, கூடுதல் ரத்தம் ஒன்றரை கிலோ, மீதி மார்பகம், உடலில் தேங்கும் நீர், பாலூட்டுவதற்காக உடம்பு சேர்த்து வைக்கும் கொழுப்பு. அதனால் குழந்தை வளர்கிறதா என்பதை எடை மெஷின் மட்டும் சொல்லிவிடாது. செக்கப்பில் நாடாவை வைத்து வயிற்றின் உயரத்தை அளக்கிறார்களே, 20 வாரத்துக்குப் பிறகு அந்த அளவு செ.மீ.யில் வாரக் கணக்கை ஒட்டியே வரும். 24 வாரத்துக்கு 24, இரண்டு முன்னே பின்னே இருந்தால் சரிதான். அடுத்த முறை அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் ஸ்கேன் இருக்கிறது.

மெஷின் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தோளில் கைப்பை, கையில் போன், காலில் செருப்பு, அப்படியே ஏறி நின்று "ஒரே வாரத்தில் ஒன்றரை கிலோ டாக்டர்!" என்பவர்கள் நிறைய. காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு, ஒன்றும் சாப்பிடாமல், அதே மெஷினில் வாரம் ஒரு முறை பாருங்கள். தினமும் பார்த்தால் மனசுதான் கெடும்.

ரெண்டு உயிருக்குச் சாப்பாடு என்பது அன்பில் சொல்வது, கணக்கில் சரிவராது. முதல் மூன்று மாதத்துக்குக் கூடுதல் கலோரியே தேவையில்லை, இப்போது உங்களுக்கு ஒரு நாளைக்கு 340 கலோரி போல, கடைசி மூன்று மாதத்தில் 450. அந்த 340 என்பது ஒரு டம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, அவ்வளவுதான்! முட்டை வேண்டாதவர்கள் இன்னும் கொஞ்சம் பருப்போ தயிரோ சேர்த்துக்கொள்ளலாம். தட்டில் சோறு இரட்டிப்பாவதற்குப் பதில் புரதம் கூடட்டும். வயிறு நிறைய ஒரே மூச்சில் சாப்பிட முடியாவிட்டால், அப்புறம் நெஞ்செரிச்சலும் படுத்தும், ஐந்தாறு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எடை ஏறிவிடுமோ என்று பயந்து பட்டினி கிடப்பது மட்டும் கூடவே கூடாது.

இரண்டு நிலைமைகளில் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து எடை ஏறவே இல்லை, அல்லது இறங்குகிறது என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். இன்னொன்று அவசரம்: ஓரிரு நாளிலோ ஒரு வாரத்திலோ திடீரென எடை எகிறி, முகமும் கையும் வீங்கி, விடாத தலைவலி, கண்முன் மின்னுவது, மேல்வயிற்றில் வலி என்று எதுவும் சேர்ந்தால் அது சாப்பாட்டால் வந்த எடையாக இருக்காது. ரத்த அழுத்தம் உயர்ந்து வரும் சிக்கலாக இருக்கலாம், அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.