மூக்கைத் துளைத்த வாசனைகள்

கேள்வி: என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். ஆங்கில இலக்கியப் பாடத்தில் கவிதைகளைப் பற்றி அவள் எழுதும் பதில்களுக்கு மதிப்பெண் குறைவாகவே வருகிறது. "கவிஞர் உருவகத்தைப் பயன்படுத்தி வாசகர் மனத்தில் சோகத்தை ஏற்படுத்துகிறார்" என்கிற மாதிரி எழுதுகிறாள். ஓரத்தில் ஆசிரியர் "எப்படி?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தருகிறார். ஐம்புலன்களையும் வைத்து ஓர் இடத்தை வர்ணிக்கச் சொன்ன பயிற்சிக்குத் தேக்கா சந்தையைப் பற்றி எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பலவகை வாசனைகள் மூக்கைத் துளைத்தன. வண்ண வண்ணக் காய்கறிகள் கண்ணைப் பறித்தன. வியாபாரிகளின் கூச்சல் காதைப் பிளந்தது." எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியருக்குத் திருப்தி இல்லை. தமிழ்க் கட்டுரையில் இப்படித்தானே எழுதச் சொல்கிறார்கள்? மாதிரிக் கட்டுரைப் புத்தகம் வாங்கித் தரட்டுமா, டியூஷனில் சேர்க்கட்டுமா?
- ஒரு தாயார், செங்காங், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

புத்தகம் வேண்டாம். டியூஷன் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த "எப்படி?" என்ற கேள்வியைப் பார்ப்போம். உங்கள் மகளின் இரண்டு பிரச்சினைகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

சந்தையைப் பற்றிய அந்த மூன்று வாக்கியங்களையும் பாருங்கள். தேக்காவை எடுத்துவிட்டு கேலாங் சிராய் சந்தையை வைத்தாலும் பொருந்தும், மதுரையில் ஒரு சந்தையை வைத்தாலும் பொருந்தும். கவிதை பற்றிய வாக்கியமும் அப்படியே. உலகத்தில் உள்ள எந்தச் சோகக் கவிதைக்கும் அதை ஒட்டிவிடலாம். இரண்டு இடத்திலும் அவள் பொருளைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறாள். பிள்ளைக்குத் திறமை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நின்று பார்க்க யாரும் நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பழைய கவிதை ஒன்றை வைத்தே இதைச் சொல்கிறேன். குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. ஆறே அடி. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண்ணைச் செவிலித்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரல். அந்தக் கையோடு தொட்ட சேலையைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். தாளிக்கும் புகை மை தீட்டிய கண்ணில் படிகிறது. தானே கிளறிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் "இனிது" என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் மிக நுட்பமாக மலர்கிறது. பாட்டு முடிந்துவிட்டது.

விரலில் தயிர், கண்ணில் புகை, நாவில் புளிப்பு, காதில் ஒரே ஒரு சொல். ஆசிரியர் கேட்கிற ஐம்புலனும் கிட்டத்தட்ட வந்துவிட்டன. ஆனால் பட்டியல் போட்ட மாதிரி தெரிகிறதா? இல்லை. ஏனென்றால் பார்ப்பவள் செவிலித்தாய். வளர்த்தவளின் கண்தான் கறைபட்ட துணியில் போய் நிற்கும். வேறு யாராவது போயிருந்தால் வீட்டையும் நகையையும் பார்த்திருப்பார்கள். நம் வீட்டில் ஒரு குவளையைக்கூடக் கழுவாத பெண் இப்படி ஆகிவிட்டாளே என்ற வியப்பும் அந்தத் துணியிலேயே இருக்கிறது. (சங்கப் பாட்டு என்றாலே பொருளுரையை மனப்பாடம் செய்ய வைத்து நாமே பிள்ளைகளை விரட்டிவிட்டோம் என்பது என் பழைய ஆதங்கம். அது கிடக்கட்டும்.)

இந்தப் பாட்டைப் பற்றி உங்கள் மகள் எழுதினால், "கவிஞர் புலன் சார்ந்த வர்ணனையால் அன்பைக் காட்டுகிறார்" என்று எழுதுவாள். ஆசிரியர் "எப்படி?" என்பார். அதற்குப் பதில் இப்படி வரலாம்: "அன்பு என்ற சொல்லே பாட்டில் இல்லை. அழுக்குத் துணியை மாற்றக்கூட நினைக்காமல் அவள் அடுப்படியில் நிற்கிறாள். புகை கண்ணில் படிந்தும் நகரவில்லை. இவ்வளவு பாடுபட்டதற்கும் கிடைப்பது 'இனிது' என்ற ஒரு சொல். அது அவளுக்குப் போதுமாக இருக்கிறது என்பதால்தான் முகமலர்ச்சியை 'நுண்ணிதின்' என்கிறார் கவிஞர்." பாட்டிலிருந்து எடுத்த சொல்லும் இருக்கிறது, அதைப் பார்த்தவருக்கு என்ன தோன்றியது என்பதும் இருக்கிறது. "ஒரு சொல் அவளுக்குப் போதும் என்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்று உங்கள் மகள் எழுதினாலும் அது நல்ல பதில்தான், பாட்டிலிருந்து காரணம் காட்டினால்.

பள்ளியில் 'பீல்' என்று ஒன்று சொல்லித் தருவார்கள்: கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். திருத்துபவருக்கு அது உதவும், பதற்றமான பிள்ளைக்கும் உதவும். ஆனால் பலர் கருத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக ஒரு மேற்கோளைத் தேடுகிறார்கள். வீட்டில் தலைகீழாகச் செய்து பாருங்கள். அவளை மிகவும் உறுத்திய ஒரு வரியை முதலில் எடுக்கட்டும். அந்த வரியில் எந்தச் சொல்லை மாற்றினால் கவிதை கெட்டுவிடும் என்று கேளுங்கள். கருத்து கடைசியில் வரட்டும். மேலே போகப் போக இது ரொம்பவும் தேவைப்படும். உயர்நிலைப் பள்ளி இறுதி இலக்கியத் தேர்வில் முன்பின் படித்திராத பகுதியைக் கொடுத்து எழுதச் சொல்வார்கள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

சரி, வர்ணனைக்கு வருவோம். ஐம்புலன் என்பது பயிற்சிக்கான ஏற்பாடு. ஐந்தையும் ஒரே பத்தியில் திணித்தால், சந்தைக்குப் போன பிள்ளை சுவைக்காகக் காற்றை நக்க வேண்டிவரும். யார் பார்க்கிறார்கள், அந்த நேரத்தில் அவருக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்தால் எந்தப் புலன் என்பது தானாக வரும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வேண்டாவெறுப்பாகத் தேக்காவுக்குப் போகும் பதினான்கு வயதுப் பெண் இப்படி எழுதலாம்:

"அம்மா மீன்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தார். ஐஸ் உருகிய தண்ணீர் மேசை விளிம்பிலிருந்து சொட்டி என் கேன்வாஸ் காலணிக்குள் இறங்கியது. நான் நகரவில்லை. நகர்ந்தால் பையைப் பிடிக்கச் சொல்வார்."

வாசனை என்ற சொல் இதில் இல்லை. மீன் வாடை வருகிறதா, இல்லையா?

இன்னொரு எச்சரிக்கை. உணர்ச்சியைச் சொல்லாதே, காட்டு என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அதுவும் இப்போது மனப்பாடமாகிவிட்டது. 'பயந்தான்' என்று எழுதக்கூடாது என்றதும், எல்லாப் பிள்ளைகளும் நெற்றியில் வியர்வைத் துளிகளை அரும்ப விடுகிறார்கள், ஏர்கான் போட்ட அறையில்கூட. மாதிரிக் கட்டுரைப் புத்தகம் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம். அந்தக் காசுக்கு அவளுக்குப் பிடித்த நாசி லெமாக் வாங்கிக் கொடுங்கள். எழுத ஏதாவது கிடைக்கும்.

தமிழ்க் கட்டுரை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மரபுத்தொடரும் இணைமொழியும் பாடத்தில் உள்ளவை, படிக்கத்தான் வேண்டும். பொருந்துகிற இடத்தில் வந்தால் எந்தத் தமிழாசிரியரும் மகிழ்வார். ஆனால் எல்லாக் கட்டுரையும் "கதிரவன் தன் பொற்கதிர்களை வீசினான்" என்று தொடங்குவதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. சிங்கப்பூரில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஏழு மணி ஆகிறது. ஆறரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஏது பொற்கதிர்? இருட்டு, தெருவிளக்கு, பக்கத்தில் தூங்கி வழியும் இன்னொரு சீருடை. அதை எழுதினால் தமிழுக்குக் குறை வந்துவிடாது.

வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். இரவு விளக்கை அணைத்துவிட்டு, கேட்பதை மட்டும் இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம், மின்தூக்கி, எல்ஆர்டி ரயில் போகும் இரைச்சல், உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. 'கூச்சல்', 'பலவகை', 'மிகவும்' ஆகிய சொற்களுக்குத் தடை. பிறகு தாள்களை மாற்றிப் படியுங்கள். அவளுக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்டிருக்காது. ஏன் என்று பேசுங்கள். திருத்த மட்டும் செய்யாதீர்கள், எழுத்துப்பிழை உட்பட.

டியூஷனை இந்தப் பள்ளித் தவணை முடியும் வரை தள்ளிப்போடலாம். அதற்கு முன் அவளே ஆசிரியரிடம் போய், தன் பதில் ஒன்றைக் காட்டி, எந்த வரியில் அவருக்கு "எப்படி?" என்று தோன்றியது என்று கேட்கட்டும். பெற்றோர் கேட்டால் மதிப்பெண் பற்றிய பேச்சாகிவிடும். அவள் கேட்டால் கவிதையைப் பற்றிப் பேசுவார்கள்.