ஃபேனை நிறுத்துங்கள், கேமராவை அப்புறம் பார்க்கலாம்

பல்கலைக்கழக மல்டிமீடியா மையம் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் செய்தவர், ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். பாடங்களைச் செல்போனில் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்புகிறேன். பாதிப் பேர் "மிஸ், ஒண்ணும் கேக்கல" என்கிறார்கள். நல்ல கேமரா ஒன்று சொல்லுங்கள் சார்.
– உதவிப் பேராசிரியை, திருநெல்வேலி

பதில்: கேமரா வாங்காதீர்கள் அம்மா. பிள்ளைகள் "தெரியல" என்று சொல்லவில்லை, "கேக்கல" என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் போனில் வரும் படமே போதும். போனை ஆறடி தள்ளி ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பேசினால், அதன் மைக் உங்கள் குரலையும், தலைக்கு மேல் ஓடும் ஃபேனையும், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியையும், தெருவில் போகும் பஸ்ஸையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் பதிவு செய்யும், அதைப் பிரித்தெடுக்க எந்த எடிட்டராலும் முழுதாக முடியாது.

சில நூறு ரூபாய்க்கு வயர் வைத்த காலர் மைக் கிடைக்கும், அதை வாங்குங்கள். மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தள்ளி, புடவை மடிப்பில் குத்துங்கள். கழுத்துச் சங்கிலி அதில் படக்கூடாது. எங்கள் மையத்தில் ஒரு பேராசிரியையின் 40 நிமிடப் பாடத்தை முழுக்கத் திரும்ப எடுத்தோம், அவர் பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் தாலிச் சங்கிலி மைக்கில் உரசி, சொரசொரவென்று ஒரு சத்தம். படப்பிடிப்பு நடக்கும்போது ஹெட்போன் போட்டுக் கேட்க வேண்டியவன் நான், அன்று போடவில்லை. அந்த அம்மா ஒரு வார்த்தை கோபப்படாமல் மறுநாள் அதே புடவையில் வந்து நின்றார், எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

அதனால் முதலில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டு மீதியைத் தொடங்குங்கள். காலி வகுப்பறை வேண்டாம், எதிரொலிக்கும். திரைச்சீலை, புத்தக அலமாரி, மெத்தை இருக்கும் அறை நல்லது. விடிகாலையில் ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள். பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் பயப்பட வேண்டாம், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போனில் ஷட்டர் வேகத்தை நொடியில் 50-இல் ஒரு பங்காக (1/50) வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: ஒரு வீடியோ எவ்வளவு நேரம் இருக்கலாம்?
– விரிவுரையாளர், தஞ்சாவூர்

பதில்: எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது, கிட்டத்தட்ட 69 லட்சம் முறை மாணவர்கள் வீடியோ பார்த்ததைக் கணக்கெடுத்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர் தாக்குப்பிடித்துப் பார்ப்பது, நடுமதிப்பாகச் சொன்னால், அதிகபட்சம் ஆறு நிமிடம்தான். ஆனால் ஒரு மணி நேர வகுப்பை எடுத்துப் பத்துத் துண்டாக வெட்டினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில் என்று முதலிலேயே எழுதிக்கொண்டு எடுங்கள்.

கேள்வி: தமிழ்த்துறையில் இருக்கிறேன். வீட்டில் அழகாகச் செய்த ஸ்லைடு, கருத்தரங்கக் கூடத்துக் கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்தது. மானம் போய்விட்டது.
– இணைப் பேராசிரியர், மதுரை

பதில்: உங்கள் மேல் தப்பில்லை சார். நீங்கள் பாமினி மாதிரி ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்ட ஏற்பாடு. பாமினியில் நீங்கள் "அம்மா" என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்று உள்ளே இருப்பது வெளியே வரும். யூனிகோடு அப்படியில்லை, அதில் ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் உண்டு. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும், தமிழுக்கென்றே உருவாக்கிய டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது, ஆனாலும் பல துறைகளில் பாடக்குறிப்புகள் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஒருமுறை உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், மாற்றிய பிறகு ஒற்றெழுத்துகளை மட்டும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

இதில் மானத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பார்வையற்ற மாணவர்கள் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை வைத்துக் கணினித் திரையைக் காதால் படிக்கிறார்கள். யூனிகோடில் இருந்தால் அது "அம்மா" என்று வாசிக்கும். பாமினியில் இருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கேட்பது எம், கே, அரைப்புள்ளி. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அதுவும் கேட்காது, அவ்வளவும் வெறும் படம். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே மாற்றிக் கொடுங்கள்.

கேள்வி: எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்டுடியோ வசதியோடு உதவ யாராவது இருக்கிறார்களா?
– பொருளியல் பேராசிரியை, விழுப்புரம்

பதில்: இருக்கிறார்கள். தூர்தர்ஷனில் 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நடத்திய கல்வி நிகழ்ச்சிகள் நினைவிருக்கும், அதற்காகப் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய மையங்கள்தான் வளர்ந்து இன்று இஎம்எம்ஆர்சி (கல்வி மல்டிமீடியா ஆராய்ச்சி மையம்) என்ற பெயரில் இருக்கின்றன. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் உண்டு, உங்களுக்குப் பக்கத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. 2017-இல் வந்த ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளத்துக்குப் பாடம் தயாரிப்பதும் இவர்கள் வேலையில் ஒன்று. ஸ்வயம் என்றால் வீடியோ மட்டும் போதாது. படித்துப் பார்க்க எழுத்துப் பாடம், சந்தேகம் கேட்கும் பகுதி, தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள் என நான்கும் வேண்டும். ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை மாணவர் ஸ்வயத்தில் படித்து அதற்கான கிரெடிட் பெறலாம் என்று 2021-இல் யுஜிசி விதி வந்தபின் இதன் எடை கூடியிருக்கிறது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் முடித்துவிட்டுப் படம் பிடிக்க மட்டும் மையத்துக்குப் போகாதீர்கள். பாடத்தை யோசிக்கும்போதே போங்கள். தேவை–அளிப்பு வளைகோடு எப்படி நகரும் என்று நீங்கள் தாளில் கிறுக்கிக் காட்டினால், அனிமேஷன் செய்யும் பையன் அதை எட்டு நொடியில் நகர்த்திக் காட்டிவிடுவான். அதையே நீங்கள் இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்தால் அவனுக்கும் வேலை இல்லை, பிள்ளைகளுக்கும் புரியாது.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பாடத்தில் சேர்க்கலாமா?
– பேராசிரியர், கோயம்புத்தூர்

பதில்: நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரும் மாணவரும் பிரதி எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. புத்தகப் பகுதிகளைப் பிரதி எடுத்து விற்றதாகப் பதிப்பகங்கள் தொடுத்த தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதை விரிவாகவே பொருள் கொண்டது. ஆனால் வகுப்புக்குள் காட்டுவது வேறு, யூடியூபில் ஊருக்கே திறந்துவிடுவது வேறு. பொதுவில் போடும் பாடத்துக்கு யாரும் பயன்படுத்த அனுமதியோடு படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்திலிருந்து எடுங்கள், எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்துக்குக் கீழேயே போடுங்கள். இல்லையென்றால் நீங்களே போனில் எடுங்கள்.

கேள்வி: நான் கேட்பவன் இல்லை, கேட்கப்படுபவன். கல்லூரியில் டெக்னீஷியன். "படம் வரல, உடனே வா" என்று ஒரே நேரத்தில் மூன்று வகுப்பிலிருந்து போன் வருகிறது.
– ஈரோடு

பதில்: தம்பி, நீ மூன்று துண்டாக முடியாது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டு. பெரிய எழுத்தில், தமிழில்: கேபிளை முதலில் செருகுங்கள், புரொஜெக்டரில் சோர்ஸ் பட்டனை அழுத்தி எச்டிஎம்ஐ என்று வையுங்கள், லேப்டாப்பில் விண்டோஸ் விசையோடு பி எழுத்தைச் சேர்த்து அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அழைப்புகள் இதிலேயே தீர்ந்துவிடும். செமஸ்டர் தொடங்கும் முன் துறைத் தலைவரிடம் சொல்லி ஒரு மணி நேரம் வாங்கு, ஆசிரியர்களை அவரவர் லேப்டாப்போடு வரச்சொல்லி, அவரவர் கையாலேயே ஒருமுறை இணைக்க வை. நீ இணைத்துக் காட்டாதே. மூத்த பேராசிரியர் ஒருவர் தடுமாறினால் பக்கத்தில் நில், கேபிளை அவர் கையிலிருந்து வாங்காதே.