கடகடக்கும் ஸ்லைடிங் கதவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. படுக்கையறை அலமாரிக்கு ஏழடி உயரத்தில் இரண்டு ஸ்லைடிங் கதவுகள். கூட்ஸ் வண்டி போனாலும் சரி, ஃபேனை வேகமாக வைத்தாலும் சரி, கடகடவென்று ஆடுகின்றன. ட்ராக்கையே மாற்ற வேண்டும் என்கிறார் ஆசாரி. வேறு வழி உண்டா?
– வாசகி, காட்பாடி

பதில்: ட்ராக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தள்ளாமல் சும்மா நிற்கும்போதே கதவு ஆடினால் கோளாறு பெரும்பாலும் மேலேதான். பாரம் முழுவதையும் கீழ் வீல்கள் தாங்கும் கதவில், மேலே இருப்பது சாயாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன கைடு மட்டுமே. அது தேய்ந்தாலோ, அதன் ஸ்க்ரூ தளர்ந்தாலோ, கதவு மேல் சேனலுக்குள், அதாவது மேலே உள்ள பள்ளச் சட்டத்துக்குள், முன்னும் பின்னும் இடிக்கும். ஆடும் நேரத்தில் மேல் மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் கைடுதான் காரணம். கீழ் மூலையை அழுத்தும்போது நின்றால், அந்தப் பக்கத்து வீல் ட்ராக்கில் சரியாக உட்காரவில்லை.

எதுவானாலும் கீழ் மட்டத்தைச் சரிசெய்த பிறகே மேலே போங்கள். கதவு கோணலாக நின்றால் புது கைடு போட்டாலும் அது ஒரு பக்கமாகத் தேயும். கதவை அலமாரியின் பக்கப் பலகை வரை தள்ளி இடைவெளியைப் பாருங்கள். மேலே மட்டும் இடைவெளி தெரிந்தால் பலகையிலிருந்து தூரத்தில் இருக்கும் வீலை உயர்த்த வேண்டும். கீழே மட்டும் தெரிந்தால் பலகையை ஒட்டிய வீலை. கதவின் கீழ் ஓரத்திலோ பின்புறத்திலோ அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருக்கும். அரைச் சுற்று திருப்பி, கதவை ஓட்டிப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று. திருப்பும்போது இன்னொருவர் கதவை லேசாகத் தூக்கிப் பிடிக்கட்டும். பாரத்தோடு திருகினால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிப் போகும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது.

அடுத்து கைடு. ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டை பெரிதாகிவிட்டது. மரத்துகள்களை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டில் இது சகஜம். பல்குத்தும் குச்சிகளை ஃபெவிக்காலில் தோய்த்து ஓட்டையில் அடைத்து, ஒருநாள் காயவிட்டு, அதே ஸ்க்ரூவை முடுக்குங்கள். அதன் பிறகும் கதவுகள் ஒன்றோடொன்று உரசினால், முன் கதவின் உட்புறத்தில், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வரும் ஓரத்தில், ஏழடிக்கு பிரஷ் டேப் (பிரஷ் போல மயிர் வைத்த ஒட்டு நாடா) ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தைத் துடைத்துக் காயவைக்காவிட்டால் வேலூர் வெயிலில் டேப் உரிந்து தொங்கும்.

கைடை மாற்றக் கதவைக் கழற்றுவதென்றால் முன் கதவுதான் முதலில். மேல் சேனலுக்குள் தூக்கி, கீழ்ப் பக்கத்தை வெளியே இழுக்க வேண்டும். ஏழடிக்கு மூன்றடி, 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 4 மி.மீ. கண்ணாடி என்றால் எடை 40 கிலோவைத் தொடும். ஒற்றை ஆளாக இறங்காதீர்கள்.

கேள்வி: கதவைத் தள்ளும்போது மட்டும் டக் டக் என்று சத்தம். வீலா, ட்ராக்கா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: சத்தம் வரும் இடங்களில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் என்றால் ட்ராக்: ஸ்க்ரூத் தலை துருத்திக்கொண்டிருக்கும், அல்லது அலுமினியம் நசுங்கியிருக்கும். சம இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால் வீல். 25 மி.மீ. வீல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8 செ.மீ. ஓடும், அந்த இடைவெளியில் டக் டக் வந்தால் வீலின் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. நைலான் வீல் ஒரே இடத்தில் நெடுநாள் பாரம் தாங்கி நின்றால் அப்படி ஆகும். பழைய வீலைக் கையில் எடுத்துக்கொண்டே ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். விட்டம், பள்ளத்தின் வடிவம், ஸ்க்ரூ ஓட்டைகளின் தூரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒரு கதவின் இரண்டு வீலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: ட்ராக்கில் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: கூடாது. மெஷின் எண்ணெயும் வேண்டாம். இரண்டு நாள் வழுக்கிப் போகும், பிறகு புழுதியும் தலைமுடியும் ஒட்டிப் பசையாகிவிடும். பழைய டூத்பிரஷ்ஷால் ட்ராக்கைத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வீல் அச்சில் சுற்றிய முடியைப் பிளேடால் அறுத்து எடுங்கள். சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து ட்ராக்கில் ஒருமுறை இழுத்தால் போதும்.