எண்ணிக்கையைவிட இடமே முக்கியம்

கேள்வி: என்னிடம் உள்ள இரண்டு மார்கன் வெள்ளி டாலர்களும் (ஒருபுறம் சுதந்திர தேவியின் முகமும் மறுபுறம் கழுகும் கொண்ட அமெரிக்கக் காசுகள்) புழக்கத்துக்கு வராதவை. கீறல்கள் அதிகமுள்ள காசுக்கு 64 என்றும், ஒன்றிரண்டே உள்ள காசுக்கு 62 என்றும் தரம் கிடைத்திருக்கிறது. இது எப்படி?

பதில்: ஆரம்பகால அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்த 70 புள்ளி அளவுகோலே, மாற்றங்களுடன், இன்றும் பின்பற்றப்படுகிறது. அதில் 60 முதல் 70 வரை புழங்காத காசுகளுக்கு உரியவை. அங்கே தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லாததால், மேற்பரப்பின் சின்னஞ்சிறு குறைகளே தரத்தைத் தீர்மானிக்கின்றன. மார்கன் டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் கட்டி வைக்கப்பட்டு, ஒன்றோடொன்று மோதி வடுப்பட்டவை. அந்த வடு கழுகின் இறகுகளிலோ சுதந்திர தேவியின் கூந்தலிலோ விழுந்தால் வேலைப்பாட்டுக்குள் மறைந்துவிடும். தேவியின் வழுவழுப்பான கன்னத்தின் நடுவே விழுந்தால், காசைக் கையிலெடுத்ததும் பார்வை அங்கேதான் போகும். உங்கள் 62-இன் கன்னத்தை முதலில் பாருங்கள்.

அடுத்து, ஒற்றை விளக்கொளியில் காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சிடும் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கி நகரும்போது உண்டாகும் நுண்வரிகளால், நல்ல காசில் ஒளி சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுழலும். எப்போதோ யாரோ துணியால் துடைத்திருந்தால் அந்த ஒளி மங்கி, ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தென்படும். பைக்குள் பட்ட நாலைந்து வடுக்களை மன்னிக்கும் மதிப்பீட்டாளர் இவற்றை எளிதில் மன்னிப்பதில்லை. துடைத்த அடையாளம் வெளிப்படையாக இருந்தால் எண்ணே தராமல் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று குறித்துவிடுவதும் உண்டு.

எண்ணை மட்டும் நம்பி வாங்குவோருக்கு ஒன்று சொல்லலாம்: மேடான இடங்களில் லேசாக உராய்ந்து 58 பெற்ற காசு, வடுக்கள் நிறைந்த 60-ஐவிடப் பல நேரம் அழகாக இருக்கும். நானாக இருந்தால் அந்த 58-ஐத்தான் எடுப்பேன்.

கேள்வி: லென்ஸில் பார்த்தால் வெற்றுப்பரப்பு முழுவதும் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. எல்லாமே கீறல்களா?

பதில்: இல்லாமலும் இருக்கலாம். காசை அடிக்கும் உலோக அச்சை மெருகேற்றும்போது அதில் விழும் பள்ளக் கோடுகள் காசில் மேடாகப் பதியும். உருவங்கள் அச்சில் குழிவாக இருப்பதால் மெருகுக்கல் பெரும்பாலும் அவற்றைத் தொடாது. எனவே அத்தகைய கோடு உருவத்தின் ஓரம்வரை வந்து நின்று, மறுபுறம் மீண்டும் தொடரும். பின்னாளில் விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும்; உருவத்தின் மீதும் ஏறிச் செல்லும். முன்னது பிறவிக்குறி என்பதால் பொதுவாகத் தரத்தைப் பெரிதாகப் பாதிக்காது.

கேள்வி: பிளாஸ்டிக் உறையிலிருந்த வெள்ளிக் காசில் பச்சைப் படலம் ஒட்டியிருக்கிறது. பாலிஷ் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. அது பிவிசி உறையிலிருந்து கசிந்த படிவாக இருக்க வாய்ப்பு அதிகம். விட்டுவைத்தால் உலோகத்தை அரிக்கும். தூய அசிட்டோனில் காசை ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துத் தானாக உலரவிடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்புக்கு எட்டாத இடத்தில் செய்யுங்கள். பிறகு பிவிசி கலவாத உறையில் வையுங்கள்.