வீட்டுக்காரர் ஆர்.வி. டெக்னீஷியன் ஆகலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலையைப் பற்றி நீங்கள் எழுதும் அனுபவங்களை என் கணவர் ஒன்று விடாமல் படிப்பார். அவருக்கு 43 வயது. இத்தனை வருடமும் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தார். போன வருடம் வேலை போய்விட்டது. குடியுரிமை வாங்கிவிட்டோம், அதனால் விசா கவலை இல்லை. இப்போது இங்கே டெக்சஸில் உள்ள ஏதென்ஸில் பயிற்சிக்குப் போகிறேன், முடித்ததும் ஒரு வேன் வாங்கிச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறேன் என்கிறார். கைவேலை நன்றாக வரும். வீட்டில் குழாய், ஸ்விட்ச் எல்லாம் அவர்தான் பார்ப்பார். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரில் மாமனார், "இன்ஜினியரிங் படிக்க வைத்தது ஸ்பேனர் பிடிக்கவா?" என்று கேட்கிறார். இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா? அவருக்கு இது ஒத்துவருமா? எதைப் பார்த்து நான் முடிவு செய்வது?

(டல்லாஸிலிருந்து ஒரு வாசகி. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவர் டெஸ்டிங்கில் இருந்தவர் என்று படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. குழாய் மாட்டத் தெரியும் என்பதைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

ஆர்.வி. என்பது சாலையில் ஓடும் வீடு. உள்ளே 120 வோல்ட் மின்சாரம் ஒரு பக்கம், பேட்டரியின் 12 வோல்ட் இன்னொரு பக்கம். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் புரோப்பேன் கேஸ். நல்ல தண்ணீருக்கும் கழிவுக்கும் தனித்தனித் தொட்டிகள். ஏசி, ஃபிரிட்ஜ், வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் அறை, ரப்பர் விரித்த கூரை. ஊரில் இதற்கெல்லாம் ஐந்தாறு ஆட்களைக் கூப்பிடுவோம். இங்கே ஒரே ஆள் பார்க்க வேண்டும். பழைய பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏன் கெட்டது என்று தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு. இந்தத் தொழிலில் பேர் வாங்குவது அவர்கள்தான்.

ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரு பெரியவரின் டிரெய்லரில் (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் ஆர்.வி.) பின்பக்கப் படுக்கையறை மூலையில், ஜன்னலுக்குக் கீழே ஈரம். கட்டை விரலால் அழுத்தினால் பிளைவுட் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது. ஜன்னலைச் சுற்றித் திரும்பத் திரும்ப சிலிக்கான் பூசியிருந்தார். ஒவ்வொரு மழைக்கும் ஈரம் வந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் இறங்குகிற இடமும் நுழைகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூரையின் ரப்பருக்கு அடியில் ஓடி, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எங்கோ போய் இறங்கும். கூரையில் உள்ள காற்றுத் திறப்பில் ஊதுவிசிறியைப் பொருத்தி, கதவு ஜன்னல்களையெல்லாம் சாத்தி, டிரெய்லருக்குள் லேசாகக் காற்றழுத்தம் ஏற்றினேன். பிறகு ஏணியில் ஏறி, வெளிப்புறம் முழுக்க சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை. நடுக்கூரையில், கழிவுத்தொட்டியின் காற்றுக்குழாய் வெளியே வரும் இடத்தில், முடி மாதிரி மெல்லிய ஒரு வெடிப்பிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தானாகப் பரவிச் சமமாகும் கூரைப் பசையைப் போட்டேன். அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அரை நாள் ஆனது.

கூரையில் சிலிக்கான் பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ரப்பர் கூரையில் அது சரியாக ஒட்டாது. அதன் மேல் பிறகு நல்ல பசையைப் போட்டாலும் பிடிக்காது.

இன்னொரு வீட்டில் டிரெய்லரின் கன்வெர்ட்டர், அதாவது 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கருவி, எரிந்துபோனது. உரிமையாளர் ஆன்லைனில் புதியது வாங்கி மாட்டி, பிளக்கைச் சொருகியிருக்கிறார். அதுவும் எரிந்தது. மைக்ரோவேவும் ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டும் அதற்கு முன்பே போயிருந்தன. நான் டிரெய்லருக்குள் போகவே இல்லை. முதலில் வீட்டுச் சுவரில் இருந்த சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்தேன். 240 காட்டியது. டிரெய்லருக்கான 30 ஆம்பியர் சாக்கெட்டில் 120 வோல்ட்தான் வர வேண்டும். ஆனால் பார்ப்பதற்கு அது துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 240 வோல்ட் சாக்கெட்டின் சாயலில் இருக்கும். அதனால் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள்கூட இதில் தவறிவிடுகிறார்கள். உங்கள் கணவருக்கு இது நன்றாகப் புரியும். புரோகிராமைத் தொடுவதற்கு முன் அதற்குள் என்ன வருகிறது என்று பார்ப்பதுதானே அவர் இத்தனை காலம் செய்த வேலை?

இனி பணம். வேலைக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட்டையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது. கொரோனா காலத்தில் எல்லாரும் வாங்க ஆரம்பித்தார்கள். 2021ல் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் தயாரித்து அனுப்பினார்கள், அதற்கு முன் அப்படி ஒரு வருடம் இருந்ததில்லை. அவசரத்தில் செய்த அந்த வண்டிகளெல்லாம் இப்போது வாரண்டி முடிந்து வந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் வேலை இருக்கிறது என்பதால் சம்பளம் தானாக வந்துவிடாது. ஆர்.வி. விற்றுப் பழுதும் பார்க்கும் பல டீலர் கடைகளில் கணக்கு இப்படி: இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று முன்பே எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் எத்தனை மணி நேரம் எடுத்தாலும் கூலி அந்த நேரத்துக்குத்தான். வாரண்டி வேலையில் அதை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். பசை பூசும் நேரத்துக்குக் கூலி உண்டு, கசிவைத் தேடிய அரை நாளுக்குப் பெரும்பாலும் கிடையாது. இந்த முறை அநியாயமானது என்றே நான் நினைக்கிறேன். தேடாமல் மாட்டுகிறவனுக்குத்தான் இதில் லாபம். நல்ல டெக்னீஷியன்கள் கடையை விட்டுச் சொந்த வேனுக்குப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்படியிருந்தும் உங்கள் கணவர் முதலில் ஒரு வருடமாவது டீலர் கடையில் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். எடுத்த எடுப்பில் வேன் வேண்டாம். ஏதென்ஸில் உள்ள நேஷனல் ஆர்.வி. டிரெயினிங் அகாடமி நல்ல இடம். எல்க்ஹார்ட்டில் ஆர்.வி. டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டும் இருக்கிறது. ஆனால் பயிற்சியில் பார்ப்பது யாரோ வேண்டுமென்றே வைத்த கோளாறு. கடையில் பலவிதமான வண்டிகள் வரும், தெரியாததைப் பக்கத்தில் கேட்க ஆள் இருக்கும். புரோப்பேன் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். கேஸ் குழாயில் 8 அங்குல உயர நீருக்குச் சமமான அழுத்தம் வைத்து, 3 நிமிடம் மானோமீட்டர் (அழுத்தம் காட்டும் கருவி) அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையை, பக்கத்தில் பழகியவர் ஒருவர் நிற்கும்போது பல தடவை செய்து கை பழக வேண்டும். டெக்சஸில் புரோப்பேன் உரிமம் தருவது ரெயில்ரோடு கமிஷன் என்ற மாநில அரசு அமைப்பு. சொந்தத் தொழில் என்றால் அங்கே முதலில் விசாரியுங்கள்.

சொந்த வேனுக்குப் போனபின் மாத வருமானம் ஒரே சீராக இருக்காது. நான் இருக்கும் ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில், மெக்காலன், மிஷன், ஹார்லிங்கன் பக்கம், நவம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் பெரியவர்களால் ஆர்.வி. பூங்காக்கள் நிரம்பி வழியும். சாப்பிட நேரம் இருக்காது. கோடையில் பாதி இடம் காலி. டல்லாஸ் பக்கம் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்காது, இருந்தாலும் ஆறு மாதச் செலவுக்குக் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். உங்கள் வேலையில் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த முடிவு பாதி சுலபம்.

அவருக்கு ஒத்துவருமா என்று கேட்டீர்கள். ஆகஸ்ட் வெயிலில் கூரை மேல் முழங்கால் போட்டு வேலை செய்ய உடம்பு ஒத்துழைக்க வேண்டும். மலக்கழிவுத் தொட்டியின் வால்வை மாற்ற முகம் சுளிக்கக் கூடாது. இவை பழகிவிடும். பழகக் கஷ்டமானது வேறொன்று. மினசோட்டாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியின் ஃபிரிட்ஜ் குளிரவில்லை. பழைய முறை ஃபிரிட்ஜ், கம்ப்ரசர் கிடையாது. அடைத்து மூடிய குழாய்க்குள் அம்மோனியா, ஹைட்ரஜன், தண்ணீர் இருக்கும். சிறு தீயிலோ மின்சாரத்திலோ சூடேற்றித்தான் குளிர வைக்கும். 1922ல் சுவீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது, இன்றும் ஓடுகிறது. வண்டி சாய்ந்து நிற்கும்போது நீண்ட நேரம் ஓடவிட்டால் குழாய் சூடேறிக் கெடும். பின்பக்க மூடியைத் திறந்தேன். அம்மோனியா மூக்கில் ஏறியது, குழாயின் அடியில் மஞ்சள் பொடி. உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்த குரோமேட் கசிந்தால்தான் அந்த மஞ்சள் தெரியும். கசிவு வந்துவிட்டால் நான் அங்கே வைத்து ஒட்டித் தருகிற காரியம் இல்லை. குளிர்விக்கும் பகுதியை முழுதாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் புது ஃபிரிட்ஜ். இரண்டுமே பெரிய செலவு. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களிடம் அதை நேராகச் சொல்ல வேண்டும். "கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள்" என்று மழுப்பினால் ஆபத்து அவர்களுக்கு. விற்பனைக்காகப் பெரிதாக்கிச் சொல்வதும் பாவம். அன்று அவர்களோடு உட்கார்ந்து, இரண்டு வழிக்கும் விலை எழுதிக் காட்டிவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் போகும் புரோப்பேனை மூடி வைத்துவிட்டு வந்தேன். இப்படிப் பேச உங்கள் கணவருக்கு வருமா என்று அவரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மாமனாருக்கு நான் பதில் சொல்வது மரியாதையாக இருக்காது. மகன் படித்த படிப்பைத்தான் இங்கேயும் பயன்படுத்தப் போகிறான் என்று அவரிடம் சொல்லுங்கள். அது உண்மை.

பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யலாம். நவம்பர் கடைசியில் அவர் இங்கே வந்து ஒரு வாரம் என்னோடு இருக்கட்டும். ஏணியைப் பிடிக்கட்டும், மீட்டர் பார்க்கட்டும், வாடிக்கையாளரோடு நான் பேசுவதைக் கேட்கட்டும். முடிந்தால் நீங்களும் இரண்டு நாள் வாருங்கள், பூங்காவிலேயே தங்க இடம் பார்த்துத் தருகிறேன். பூங்கா நிரம்புவதற்கு முன் இடம் சொல்லி வைக்க வேண்டும், அதனால் தேதியை அக்டோபருக்குள் எழுதிவிடுங்கள்.