டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம்: எந்த நிமிடத்திலிருந்து கணக்கு?

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். காலை 10 மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டும் கேஷ்லெஸ் முறைக்கான அனுமதி வந்தபோது இரவு 8 மணி. நடுவில் இன்னொரு நாள் ரூம் வாடகையையும் பில்லில் சேர்த்துவிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாமே, உண்மையா? கூடுதல் வாடகையை யார் தர வேண்டும்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: விதி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் இரண்டு கெடுக்களைச் சொல்லியிருக்கிறது. அட்மிஷனுக்கான கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதைத் தாண்டியதால் ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அது இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. அதுவும் பாலிசிதாரர்களின் பணத்திலிருந்து அல்ல, கம்பெனியின் பங்குதாரர் நிதியிலிருந்து தர வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் உங்களுக்கு வாடகை திரும்பக் கிடைக்குமா? அதற்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்த மூன்று மணி நேரம் டாக்டர் "போகலாம்" என்று சொன்ன நேரத்திலிருந்து ஓடுவதில்லை. ஆஸ்பத்திரி அனுப்பும் டிஸ்சார்ஜ் கோரிக்கை கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. டாக்டர் சொன்ன பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆக வேண்டும், பார்மசி பாக்கி கணக்கு வர வேண்டும், லேப் ரிப்போர்ட் சேர வேண்டும், பில்லிங்கில் இறுதி பில் போட வேண்டும். இதற்கே மதியம் தாண்டிவிடும் ஆஸ்பத்திரிகள் நிறைய. எல்லாம் முடிந்து இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவர் மாலை 4 மணிக்கு அப்லோட் செய்திருந்தால், கம்பெனி தாமதித்தது ஒரு மணி நேரம்தான். மீதி தாமதம் ஆஸ்பத்திரியுடையது. ஆஸ்பத்திரிகள் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் கட்டுப்பாட்டில் வருவதும் இல்லை. என் கணிப்பில், இந்த விதியின் பெரிய ஓட்டை இதுதான். நோயாளி காத்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதியை மட்டுமே அது அளக்கிறது.

அதனால் முதலில் இன்சூரன்ஸ் டெஸ்க்கிடம் இறுதி பில்லை எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், கம்பெனியோ டி.பி.ஏ.வோ (கம்பெனிக்காக க்ளெய்ம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) ஏதாவது விளக்கம் கேட்டதா, அதற்கு எப்போது பதில் போனது என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் போனுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.களிலும் நேரம் பதிவாகியிருக்கும், அழித்துவிடாதீர்கள். கம்பெனி மூன்று மணி நேரத்தைத் தாண்டியது தெரிந்தால், கூடுதல் வாடகைக்கான பில்லோடு அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். தாமதம் ஆஸ்பத்திரியுடையது என்றால், அந்த வாடகையைக் கழிக்கச் சொல்லி ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கே எழுதிக் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

கேள்வி: சிறிய நர்சிங் ஹோம் நடத்துகிறேன். கேஷ்லெஸ் நோயாளிகளை அனுப்பிவிட்டுக் கம்பெனியின் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறேன். நோயாளிக்கு இவ்வளவு விதி போடுகிறார்களே, எங்களுக்கு எதுவும் இல்லையா? (மருத்துவர், தஞ்சாவூர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான் டாக்டர். மூன்று மணி நேரத்தில் வருவது அனுமதி மட்டும். பணம் எத்தனை நாளில் வரும் என்பதைக் கம்பெனியோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதற்கென்றே சட்டம் வைத்திருக்கின்றன. நியூயார்க்கில் குறையில்லாத க்ளெய்மை ஆன்லைனில் அனுப்பினால் 30 நாளில், காகிதத்தில் அனுப்பினால் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 12 சதவீதத்துக்குக் குறையாத வட்டி. நம் நாட்டில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் வழிகாட்டுதலில் மாநிலத்துக்குள் என்றால் 15 நாள், வெளிமாநில நோயாளி என்றால் 30 நாள் என்று கெடு இருக்கிறது.

தனியார் கம்பெனி பாக்கிக்கு, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாமா என்று நீங்கள் அடுத்து கேட்பீர்கள். முடியாது, அது பாலிசிதாரருக்கான இடம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பணம் தர வேண்டிய நாள் கணக்கு, தாமத வட்டி, விளக்கம் கேட்பதற்கான கெடு ஆகிய மூன்றையும் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பாக்கி வரவில்லை என்பதற்காக அடுத்த நோயாளியிடம் டெபாசிட் கேட்காதீர்கள். அங்கேதான் உங்கள் பக்க நியாயம் போய்விடும்.

கேள்வி: பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் இல்லாததால் கையிலிருந்து பணம் கட்டினேன். எல்லாப் பேப்பரையும் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பேப்பர் கேட்கிறார்கள். (வாசகர், விருதுநகர்)

பதில்: இப்படிக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கும் க்ளெய்மை 15 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைவிட (வங்கிகளுக்குக் கடன் தர அது வைத்திருக்கும் வட்டி விகிதம்) 2 சதவீதம் கூடுதலாக வட்டி தர வேண்டும். தொகை பெரிதாக இருக்காது. ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்தாலும் ஒரு லட்சத்துக்கு 45 நாள் தாமதத்துக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது. இருந்தாலும் மெயிலில் அந்த வட்டியைக் கேளுங்கள். விதி தெரிந்தவர் என்று புரிந்தால் ஃபைல் கொஞ்சம் வேகமாக நகரும்.

கேஸ் ஷீட், லேப் ரிப்போர்ட் மாதிரி ஆஸ்பத்திரியிடம் இருக்கும் ஆவணங்களைக் கம்பெனியோ டி.பி.ஏ.வோ நேராக அங்கிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அதே 2024 சுற்றறிக்கையில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டே பதில் எழுதுங்கள். க்ளெய்மை மறுத்தால், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்லாமல் மறுக்கக் கூடாது.

கம்பெனியிடம் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் சரியான பதில் வரவில்லை என்றால் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அதிகாரம் உண்டு. ஆனால் கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தை ஓம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார், அதனால் முதலில் ஓம்புட்ஸ்மேனிடமே போங்கள்.

கேள்வி: சிகிச்சையில் இருந்தவர் இறந்துவிட்டால், இன்சூரன்ஸ் அனுமதி வரும்வரை உடலைத் தராமல் வைத்திருக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: கூடாது. இப்படியான நேரத்தில் கம்பெனி உடனடியாக க்ளெய்மைக் கவனித்து, உடலை ஆஸ்பத்திரியிலிருந்து தாமதமில்லாமல் பெற்றுத்தர வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. மூன்று மணி நேரக் கெடுவுக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் போட்டு, இறப்பு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளட்டும்.