கடவுள் கேள்வி வேறு, அரசாங்கக் கேள்வி வேறு

தம்பி, அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்றால் கடவுளையும் மறுக்கத்தான் வேண்டும் என்று சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடையில் மாமா உங்கள் வாயை அடைத்துவிட்டார் என்கிறீர்கள். அது தவறு. 1689-லேயே அரசதிகாரத்துக்கு எல்லை கேட்ட ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக், மனிதர் எல்லாரும் கடவுளின் படைப்பு, அதனால் எவனும் இன்னொருவனின் உடைமை இல்லை என்றுதான் தொடங்குகிறார். அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்டோ கடவுளை அடியோடு மறுத்துவிட்டு அதே எல்லையைக் கேட்டவர். சரி, அவ்வளவு தூரம் ஏன், பள்ளியில் நாம் எல்லாரும் சொன்ன மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா, 1970-இல் வந்தது, முதலில் இறைவன் மீது நம்பிக்கை என்கிறது, அப்புறம் அரசியலமைப்பையும் சட்டமுறைப்படியான ஆட்சியையும் சேர்த்தே வைக்கிறது. அடுத்த முறை மாமாவிடம் பொறுமையாக இதைக் கேளுங்கள்: தோட்டத்து மாரியம்மனைக் கும்பிடுகிறவர் மந்திரியிடம் கணக்குக் கேட்கக்கூடாதா?